மிஞ்சிய நாலு சொல்

'முஷா' என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் கானமாராப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் யாரும் வாயைத் திறப்பதும் கிடையாது. மழை பிடித்தால் முஷா, விட்டால் முஷா, பசு கன்று போட்டால் முஷா, கன்று செத்தால் இன்னும் நீளமாக ஒரு முஷா. அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகக் கடவுள் கொடுத்த சொல் அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பார்ட்லாவுக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது.

பார்ட்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நான் வீட்டுச் சமையலறையில் ஊருக்கு முடி வெட்டுகிறவள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குடும்பம், ஆளுக்கொரு வேலை. ஆனால் இளவயதிலிருந்தே மேடையில் நாங்கள் ஜோடி. 'இருவர் பேச்சு' என்று எங்கள் ஊர்க் கலைவிழாக்களில் ஒரு போட்டி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, எதுகை தப்பாமல், பாட்டாகவே சண்டை போட வேண்டும். மாமியாரும் மருமகனும், பாதிரியாரும் குடிகாரனும், கிழட்டுக் கழுதையும் அதை விற்க வந்தவனும் என்று பார்ட்லா ஒவ்வொரு வருஷமும் ஒரு சண்டை எழுதுவான். நான் கூட நின்று சொல்வேன். எழுதுவதெல்லாம் அவன்தான். ஒத்திகையில் என் வாயிலிருந்து தப்பித்தவறி ஒரு 'முஷா'வோ 'கேட்டியா'வோ விழுந்துவிட்டால் மேஜையைத் தட்டுவான்.

"மெத்தைக்குத்தான் பஞ்சு அடைக்கணும் நான்ஸா. பாட்டுக்கு இல்ல."

"பேசும்போது நீயே சொல்றியேய்யா."

"பேச்சு வேற, பாட்டு வேற. பேச்சுல குப்பை கிடந்தா யாரும் பாக்க மாட்டாங்க. பாட்டுல ஒரு சொல் வந்தா அதுக்கு ஒரு வேலை இருக்கணும்."

அப்படிப்பட்டவன். பஸ்ஸில் குழந்தைகளுக்கு மூச்சுவிடாமல் கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவான். கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டிய குழந்தைகள், கதை முடியவில்லை என்று இறங்க மறுத்த நாட்கள் உண்டு.

போன அக்டோபரில் ஒரு நாள் காலை, குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டி, பிரேக்கையும் போட்டவன், இருக்கையை விட்டு எழவில்லை. மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் அடைப்பு. கால்வே நகர ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கால் கொஞ்சம் இழுத்தது, அது மெல்லச் சரியாகும் என்றார்கள். பேச்சுதான் போய்விட்டது.

முழுதாகப் போகவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். டப்ளின்காரி, பொறுமைசாலி. கோப்பை, நாய், நாற்காலி என்று படம் படமாகக் காட்டி முதலில் ஆங்கிலத்தில் கேட்டாள். பார்ட்லா சுவரைப் பார்த்தான். ஒரு ஓசைகூட வரவில்லை. பிறகு அவளே தட்டுத்தடுமாறி எங்கள் ஐரிஷ் மொழியில், "இது என்னங்க?" என்று நாய்ப் படத்தைக் காட்டினாள்.

"முஷா," என்றான் பார்ட்லா.

அவனுடைய மனைவி சாலியும் நானும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். சாலி என் கையைப் பிடித்து நெரித்தாள். அந்தப் பெண் நாற்காலிப் படத்தைக் காட்டினாள்.

"சொல்லப்போனா…" என்றான். நாங்கள் காத்திருந்தோம். அதற்கு மேல் வரவில்லை.

கோப்பைக்கு, "கேட்டியா…" என்றான். அடுத்த படத்துக்கு, "எது எப்படியோ," என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் முட்ட, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலு சொல். அவன் ஆயுசு முழுக்கப் பாட்டிலிருந்து பொறுக்கி வெளியே எறிந்த அதே நாலு. நாய், நாற்காலி, சாலி, கடல், கடவுள் எல்லாம் போய்விட்டன. பஞ்சு மட்டும் மிஞ்சியது.

"இதுக்காக நொந்துக்காதீங்க," என்று அந்தப் பெண் வெளியே வந்து எங்களிடம் சொன்னாள். "யோசிக்காம வர்ற சொல்லெல்லாம் மூளையில வேற இடத்துல இருக்கும். அது தப்பிச்சிருக்கு. இருக்கறத வச்சுப் பேச வையுங்க. வாய மட்டும் மூட விடாதீங்க."

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பார்ட்லா வாயை மூடிக்கொண்டான். அதற்குக் காரணம் ஊர். ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேலி செய்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான், கேலியில் வளர்ந்தவன். அவர்கள் செய்தது வேறு. கடையில் அவன் முன்னாலேயே சாலியிடம், "அவருக்கு டீயில சக்கரை போடலாமா?" என்று கேட்டார்கள். கோயில் வாசலில் அவன் தோளைத் தட்டிவிட்டு, அவன் தலைக்கு மேலே பேசிக்கொண்டு போனார்கள். அவன் "கேட்டியா…" என்று தொடங்கினால், மீதி வராது என்று தெரிந்து அவசர அவசரமாக வானிலையைப் பற்றிப் பேசி அவனைக் காப்பாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் வாசலைத் தாண்டவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவனுக்கு முடி வெட்ட நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கத்தரியை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு மெக் உள்ளே நுழைந்தாள். மெக்குக்கு ஊரில் பேச ஆள் கிடையாது, ஏனென்றால் அவள் பேசத் தொடங்கினால் எல்லோருக்கும் வேலை ஞாபகம் வந்துவிடும். சாலி கோழிகளைப் பார்க்கிறேன் என்று பின்வாசல் வழியாக நழுவிவிட்டாள். நான் துண்டைப் பார்ட்லாவின் கழுத்தில் சுற்றிவிட்டதால் அவனால் நகர முடியவில்லை.

"பார்ட்லா, என் மருமக பண்ணின வேலையக் கேளு," என்று மெக் உட்கார்ந்தாள். "என் அடுப்ப மாத்திட்டா. என்னக் கேக்காம! நாப்பது வருசம் அந்த அடுப்புலதான் ரொட்டி சுட்டேன்."

பார்ட்லா பெருமூச்சுவிட்டான். "முஷா," என்றான், அடிவயிற்றிலிருந்து.

"அதான! உனக்காவது புரியுதே. என் மகன்கிட்ட சொன்னா, 'அம்மா, அது புகையுது'ங்கறான். புகையாத அடுப்பு ஒரு அடுப்பா?"

"சொல்லப்போனா…" என்று பார்ட்லா இழுத்தான்.

மெக் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். "சரி, சொல்லப்போனா கொஞ்சம் புகையத்தான் செய்யும். இல்லன்னு சொல்லல. போன குளிர்காலத்துல எனக்கே இருமல் வந்துச்சு. ஆனா கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டியா?" என்றான் அவன். வழக்கமாக ஆளைக் கூப்பிடுகிற கேட்டியாதான். ஆனால் அவன் குரல் கடைசியில் லேசாக மேலே போனது.

"நானா? நான் என்னத்தக் கேட்டேன்?… ஆமா, அவ வந்த நாள்லருந்து அவள ஒரு வார்த்த கேட்டதில்லதான். வீடு பிடிச்சிருக்கான்னுகூட." மெக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "நீ சொல்றதும் நியாயம்தான்."

"எது எப்படியோ," என்று பார்ட்லா கையை விரித்தான்.

"எது எப்படியோ, அடுப்பு வந்தாச்சு. இன்னிக்கு அவளோட உக்காந்து ஒரு டீ குடிக்கறேன்." எழுந்தவள் அவன் தலையை வருடினாள். "பார்ட்லா, உன்ன மாதிரி புத்தி சொல்ற ஆள் இந்த ஊர்ல இல்லய்யா. வாய் போச்சுன்னு எவன் சொன்னான்?"

அவள் போன பிறகு நான் கத்தரியை வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பார்ட்லா முதலில் முறைத்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவன் நாலு சொல்லையும் போட்ட இடம் இருக்கிறதே, ஒவ்வொன்றும் மெக் மூச்சு வாங்குகிற இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. மேடையில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவனைவிட்டுப் போகவேயில்லை.

அந்த ஆண்டு இருவர் பேச்சை நான் எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆயுசில் ஒரு அடி எழுதாதவள் நான். எப்படி எழுதினேன் என்றால், முடி வெட்டிக்கொண்டே எழுதினேன். யார் தலையோ கையில் இருக்கும், வாய் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கும், உள்ளே எதுகை தேடிக்கொண்டிருப்பேன். ஒரு பெண்ணும் ஒரு ஆணும். இருபது வருஷமாக அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறான். கல்யாணப் பேச்சு மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறான். அன்று அவளுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒவ்வொரு பாட்டிலும் மூன்று அடி அவள் திட்ட வேண்டும், நாலாவது அடி அவனுடையது. அந்த நாலாவது அடி நாலு சொல்லில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் மூன்று அடியும் வளைந்து வளைந்து போய் அந்தச் சொல்லின் ஓசையில்தான் முடிய வேண்டும். ஒட்டுப்போட்டதாகத் தெரியக் கூடாது. பாட்டே அந்தச் சொல்லைக் கேட்டு நிற்க வேண்டும்.

எழுதி முடித்துப் போய்ப் படித்துக்காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே பார்ட்லாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. எழுந்து கைத்தடியால் மேஜையை ஓங்கி அடித்தான்.

"முஷா!" என்று கத்தினான். அன்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருந்தது. என்னைக் கோமாளி ஆக்கப் பார்க்கிறாயா என்பதுதான் அர்த்தம்.

அடுப்படியில் நின்றிருந்த சாலிதான் பேசினாள். சாலி ஊமைக்கு அடுத்தபடி பேசுகிறவள். பார்ட்லா வாழ்ந்த வீட்டில் வேறு யாருக்கும் பேச இடம் கிடைத்ததில்லை.

"ஏன்யா கோவப்படுற?" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. "முப்பது வருசமா மேடையில கழுதையா நின்ன. குடிகாரனா நின்ன. ஒரு தடவ கால்சட்ட அவுந்த மாதிரி நடிச்சு, பிஷப் முன்னாடி ஓடின. ஊர் சிரிச்சுச்சு, நீ மீசைய முறுக்கிக்கிட்ட. இப்ப ஊரு உன்னப் பாத்துச் சிரிக்கல, பாவப்படுது. பாவப்படறதுதான் உனக்குப் பிடிச்சிருக்குன்னா உக்காந்துக்கோ. நான் வேணா டீயில சக்கரை போட்டுத் தரேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பார்ட்லா. தனியாக, மழையில், அந்தக் காலை இழுத்துக்கொண்டு மேட்டுப்பாதை முழுக்க ஏறி வந்திருக்கிறான். தொப்பி விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. மூச்சு வாங்கி முடித்து, என்னை நேராகப் பார்த்து, "எது எப்படியோ," என்றான். உள்ளே வந்து உட்கார்ந்து, படி என்று கையைக் காட்டினான்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். நான் எழுதியது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு இல்லை. ஒரு அடியில் ஓசை இடறினால் உதட்டைச் சுழித்து, வெறும் காற்றாக ஒரு 'முஷா' விடுவான். மாற்றிச் சொல்வேன். மறுபடி அதே காற்று. மாற்றி மாற்றிச் சொல்லி, எப்போது அடி சரியாக விழுகிறதோ அப்போது அவனுடைய 'முஷா'வில் ஒரு சின்னச் சிரிப்பு சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு சொல்லை வைத்தே பாட்டு முழுவதையும் பிரித்து மேய்ந்து, திருப்பிக் கட்டிவிட்டான். ஈஸ்டருக்குள் அது என் பாட்டாக இல்லை, எங்கள் பாட்டாகிவிட்டது.

ஜூன் மாசம் யோவான் திருநாளுக்கு முந்தின நாள் கலைவிழா. கடற்கரைப் பள்ளிக்கூட மண்டபம். வாசலில் பெயர் கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் விழாச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். புது ஆள், விதிப்படி நடப்பவர். எங்கள் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல இவரு பங்கு எங்க இருக்கு?"

"ஒவ்வொரு நாலாவது அடியும்," என்றேன்.

"நாலாவது அடியில ஒரே ஒரு சொல்தான இருக்கு. அதுவும் பேச்சுவாக்குல வர்ற சொல். ரெண்டு பேரும் பேசணும்ங்கறது விதி."

நான் வாயைத் திறப்பதற்குள் பார்ட்லா மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். செயலாளரின் கண்ணைப் பார்த்து, மரியாதையான குரலில், "சொல்லப்போனா…" என்றான்.

செயலாளர் நிமிர்ந்து காத்திருந்தார். ஒருவர் 'சொல்லப்போனா' என்று தொடங்கிவிட்டால் மீதியைக் கேட்காமல் குறுக்கே பேசுவது எங்கள் ஊரில் பண்பில்லை. பார்ட்லாவும் காத்திருந்தான். பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். ஒரு அக்கார்டியன் பெட்டி யார் காலிலோ விழுந்தது. செயலாளரின் காது மடல் சிவந்தது.

"சரி… நீங்க சொல்றதும் சரிதான்," என்று தடுமாறி, முத்திரையைக் குத்தி எங்களை உள்ளே அனுப்பினார்.

மேடைக்குப் பின்னால் தீவுக்காரன் ஃபெஸ்டி நின்றிருந்தான். அவனும் அவன் தம்பியும்தான் எங்களுக்குப் பரம்பரைப் போட்டி. வெற்றிக்கோப்பை ஒரு வருஷம் அவர்கள் வீட்டிலும் மறுவருஷம் எங்கள் ஊரிலுமாக வாழ்ந்திருக்கிறது. பார்ட்லாவைப் பார்த்ததும் அவன் முகத்தில் அந்தப் பாவப்படுகிற பார்வை வரப்பார்த்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டான்.

"என்ன பார்ட்லா, இந்த வருசமாவது சுருக்கமா முடிப்பியா? போன தடவ நீ பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துருச்சு."

"முஷா," என்றான் பார்ட்லா, ஃபெஸ்டியின் மழுங்கச் சிரைத்த மோவாயைக் கூர்ந்து பார்த்து.

சுற்றி இருந்தவர்கள் வெடித்தார்கள். ஃபெஸ்டியும்தான்.

அவர்கள் எங்களுக்கு முன்னால் ஏறினார்கள். மீன்பிடிப் படகின் இன்ஜினும் பழைய பாய்மரமும் போடுகிற சண்டை. பொய் சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. கைதட்டல் ஓயாமலே எங்கள் பெயரை அழைத்தார்கள். நாற்காலி ஒன்று, மேஜை ஒன்று, டீக்கோப்பை ஒன்று. பார்ட்லா மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மண்டபம் அமைதியானது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட அமைதி அது.

தொடங்கினேன்.

"இருபது வருசமா என் நாற்காலி தேயுது,
என் வெண்ணெயும் ரொட்டியும் உன் வாயில மாயுது,
கல்யாணம்னா மட்டும் உன் காது ஏன் சாயுது? சொல்லய்யா ராஜா!"

பார்ட்லா டீயை ஒரு மிடறு குடித்தான். கோப்பையை வைத்தான். கூரையைப் பார்த்தான்.

"முஷா…"

முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பயந்த சிரிப்பு. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத சிரிப்பு. நான் விடவில்லை.

"புதுக் கோட்டு, புதுத் தொப்பி, ஞாயித்துக்கிழமை ஆனா,
வந்து உக்காந்து பூனையக் கொஞ்சிட்டுப் போறது வீணா,
உங்கம்மா இருந்தவரைக்கும் அம்மா சாக்கு, இப்ப என்ன தடை, நானா?"

"சொல்லப்போனா…" என்று எழப்போனவன், சொல்லாமல் மறுபடி உட்கார்ந்தான்.

இந்தமுறை சிரிப்பு பின்வரிசை வரை போனது. அதில் பயம் இல்லை. ஒரு பெண்பிள்ளை, "ஐயோ, எங்க வீட்டுக்காரரேதான்!" என்று கத்தினாள். நான் வேகம் எடுத்தேன்.

"பாதிரியார் வீட்டு வாசப்படியப் பாத்தியா?
ஊர்ல எனக்கு வந்த மாப்பிள்ளைய எல்லாம் ஓடவிட்டியா?
மோதிரம்னு ஒண்ணு உண்டே, என் விரல் அளவு கேட்டியா?"

பார்ட்லா இரண்டு பக்கமும் பார்த்தான். ரகசியம் சொல்வதுபோல் குனிந்தான்.

"கேட்டியா…"

மண்டபம் இடிந்துவிழாத குறை. நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. காலால் தரையை உதைத்தார்கள். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓயவில்லை. ஓய்வதுபோல் வந்து, யாரோ ஒருவர் விக்கலெடுத்துச் சிரிக்க, மறுபடி கிளம்பியது. அந்த நீண்ட சிரிப்பு முழுக்க அடங்கி மண்டபமே என் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, என் தலைக்குள் ஒன்றுமில்லை.

அடுத்த பாட்டு இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. முதல் சொல்லாவது வருமா என்று தேடினேன். வெட்டிக் கொட்டிய முடியைப் பெருக்கித் தள்ளின பிறகு சமையலறைத் தரை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. வாய் திறந்திருந்தது. ஓசை வரவில்லை. பார்ட்லா இத்தனை மாசமாக எங்கே நின்றிருந்தான் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

நாற்காலியை மெல்லக் கிரீச்சிட வைத்துச் சபையின் பக்கம் திருப்பினான். முழங்காலைச் சொறிந்தான். "கேட்டியா…" என்றான் முன்வரிசைக் கிழவர் ஒருவரைப் பார்த்து, உனக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்தானே என்கிற குரலில். கிழவர் தலையாட்டினார். சிரிப்பு. தைரியம் வந்துவிட்டவன்போல் கட்டைவிரலால் என்னைக் காட்டி, "முஷா!" என்றான். இன்னொரு சிரிப்பு. பிறகு தடியை ஊன்றி எழுந்தான். ஒத்திகையில் அவன் எழுந்ததே கிடையாது. என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். மண்டபம் மூச்சைப் பிடித்தது.

"சொல்லப்போனா…"

இருபது வருஷத்துக்குப் பிறகு கேட்கப்போகிறான் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானே நம்பிவிட்டேன். அவன் காத்திருந்தான், எவ்வளவு நேரம் எனக்குத் தேவையோ அவ்வளவு நேரம். அவன் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. அவசரமே இல்லை, நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனே, நீ தேடு என்றது அந்தக் கண்.

எங்கிருந்தோ வந்து விழுந்தது அந்த அடி.

"சொல்லப்போறான், சொல்லப்போறான், ஊரே வாயப் பொளந்து நிக்குது!" என்று நான் கத்தியபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எழுதின அடி அது இல்லை. அந்த இடத்தில் பிறந்தது. அதைப் பிடித்துக்கொண்டதும் மறந்துபோன பாட்டெல்லாம் கயிற்றில் கட்டிய படகுகள்போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. கடைசிப் பாட்டு வரை நான் நிற்கவில்லை.

"ரெண்டு பசு எனக்கிருக்கு, உன் நிலத்துல புல்லிருக்கு, சேந்தா நம்ம குடி செழிக்குமோ!
நாள் குறிச்சது நான்தான், பாதிரியாரக் கேட்டது நான்தான், நீ வந்தா போதும், ஒத்துவருமோ?
வரும் சனிக்கிழம, காலையில மணியடிக்கும், உன் கால் வருமோ, வராதோ, அது எப்படியோ?"

பார்ட்லா தொப்பியைத் தலையில் வைத்தான். என் கையை எடுத்துத் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டான். கோயிலுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மண்டபத்தின் கடைசிச் சுவருக்குக் கேட்கும்படி முழங்கினான்.

"எது எப்படியோ!"

நாங்கள் நடந்து மேடையைவிட்டு இறங்கும்போது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். சாலி கதவோரம் இருந்தாள். அழவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது பார்ட்லாவுக்கே அன்றுவரை தெரியாது.

முடிவு சொல்ல நடுவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பை எங்களுக்கு. தலைமை நடுவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "நடுவுல அவரு நிறுத்தி நிறுத்திச் சபையைக் கட்டிப்போட்ட இடம் இருக்கே, இந்தப் போட்டியில இவ்வளவு துணிச்சலா எழுதின இடம் நான் கேட்டதில்ல." நான் எழுதினேன் என்று நினைத்து என் கையைக் குலுக்கினார். எழுதவில்லை என்று அங்கேயே சொன்னேன். எழுதாமல் எப்படி என்றார். பார்ட்லாவைக் காட்டினேன்.

ஃபெஸ்டி வந்து கோப்பையை ஆசையாகத் தடவிப்பார்த்தான். "நான் குளிர்காலம் பூரா மண்டைய உடைச்சுக்கிட்டு அம்பது அடி எழுதினேன். இந்த மனுசன் நாலு சொல்லோட வந்து தூக்கிட்டுப் போறான். இது போட்டியா, கொள்ளையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி புலம்பினான். பிறகு பார்ட்லாவின் தோளில் கைபோட்டு, இந்தமுறை அவன் தலைக்கு மேலே யாரோடும் பேசாமல், அவனோடே பேசினான். இன்ஜின் பாட்டில் மூன்றாவது பத்தி தொய்ந்ததா என்று கேட்டான். பார்ட்லா உதட்டைச் சுழித்து, காற்றாக ஒரு முஷா விட்டான். "எனக்கும் தோணுச்சு," என்று ஃபெஸ்டி ஒப்புக்கொண்டான்.

சாலிதான் காரை ஓட்டினாள். சூரியன் இன்னும் கடலுக்கு மேலே இருந்தது. எங்கள் ஊர்த் திருப்பத்தில் பெரிய நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. யோவான் திருநாளுக்கு வருஷாவருஷம் மூட்டுகிற நெருப்புதான். ஆனால் யாரோ போன் பண்ணிச் செய்தி சொல்லிவிட்டதால், கட்டை இரண்டு மடங்காக ஏறியிருந்தது. பஸ் குழந்தைகள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். "பார்ட்லா, பேசு! பார்ட்லா, பேசு!" என்று ஊரே கூவியது. அவனை ஒரு டிராக்டர் வண்டியின்மேல் ஏற்றினார்கள். கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி, பிஷப் பிரசங்கம் மாதிரி நிறுத்தி நிதானமாக நாலு சொல்லையும் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பாட்டைச் சொல்லுங்கள் என்றார்கள். நெருப்பைச் சுற்றி நின்று சொன்னோம். இன்னொருமுறை என்றார்கள். சொன்னோம்.

மூன்றாம் முறை சொல்லும்போது நாலாவது அடியை ஊரே சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டது. குழந்தைகள், மெக், அவளுடைய மருமகள், புகைக்குழாய் பிடித்தபடி நின்ற கிழவர்கள், எல்லோரும். பார்ட்லா அதன்பிறகு வாயைத் திறக்கவேயில்லை. வண்டிமேல் நின்று, தடியைத் தூக்கி அவர்களை அடக்கி வைப்பான். நான் மூன்று அடி சொல்லி நிறுத்துவேன். எல்லோர் வாயிலும் சொல் தயாராக நிற்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் இழுத்துப் பிடித்து, சரியான நொடி வந்ததும் தடியைக் கீழே இறக்குவான்.